கணிப்பொறியோடு கூடிப் படைத்தல்: மதிப்பிடும் முறை பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு பாடலைக் கண்டவுடன் அதன் சொல்லையும் பொருளையும் ஓசையையும் ஆராய்ந்து நன்று, தீது எனக் கூறுதல் தமிழாசிரியர்க்கு இயல்பான பணியாகும். பாடினவர் யார் என்னும் ஐயம் அப்பணியில் முன்னாளில் மிகுதியாக எழுந்ததில்லை. இன்று நிலை வேறு. கல்லூரிக் கவிதைப் போட்டிக்கு வரும் பாக்களுள் மாணவர் தாமே இயற்றியது எது, கணிப்பொறியின் துணைகொண்டு இயற்றியது எது, கணிப்பொறியே இயற்றிக் கொடுத்தது எது என்னும் வினா, நடுவராய் அமர்வோர் அனைவரையும் எதிர்கொள்கின்றது.

இவ்வினாவிற்கு எளிய விடைகள் இரண்டு வழங்குகின்றன. கணிப்பொறி தொட்டது எதுவாயினும் தள்ளுக என்பது ஒன்று. பாட்டு நன்றாயிருப்பின் எப்படி வந்தால் என்ன என்பது மற்றொன்று. முதல் விடையைக் கடைப்பிடித்தல் அரிது. ஆவடி, அம்பத்தூர், வெள்ளானூர் எனத் தொழிற்கூடங்களும் பொறியியற் கல்வியும் சூழ்ந்த நம் பகுதியில், மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி வடிவில் கணிப்பொறி இருக்கின்றது. இரண்டாம் விடையோ கல்விக்கூடத்திற்குப் பொருந்தாது. கல்லூரி, பாட்டை விளைவிக்கும் இடம் மட்டுமன்று. பாடவல்லாரை உருவாக்கும் இடமுமாகும்.

ஆகவே, மனிதர் கணிப்பொறியோடு கூடிப் படைப்பதற்கு உதவும் மென்பொருள்களை எவ்வாறு மதிப்பிடுவது என்பதைத் தமிழ்ச் செய்யுட்கலையை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விளைந்த பாட்டை மட்டும் அளந்தால் போதாது; கருவியைக் கையாண்டவர் அதனால் வளர்ந்தாரா, தளர்ந்தாரா என்பதையும் சேர்த்து அளத்தல் வேண்டும் என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

துணைபெறுதல் புதியதன்று

புலவர் பிறர் துணையின்றித் தனித்தே பாடினர் என்று கருதுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்னும் மூன்று காண்டங்களில் 5027 பாடல்களைக் கொண்டது. வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கிய அம்முயற்சி, அவர் மறைவுக்குப் பின்னர் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவால் தொடர்ந்தது. நபிகள் நாயகத்தின் வரலாற்றுச் செய்திகளை உமறு மார்க்க அறிஞர்வழிப் பெற்றார் என்பது வழிவழியாகக் கூறப்பட்டு வருவது. பொருளுதவி ஒருவருடையது, செய்தியுதவி மற்றொருவருடையது. ஆயினும் காப்பியம் உமறுடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கேட்ட செய்தியைத் தமிழ்க் காப்பிய மரபிற்குள் அமைத்து, சொல் தேர்ந்து, சந்தம் கண்டு, பாடலாக்கியவர் அவரே.

திரைப்படப் பாடல் பிறக்கும் முறையும் இத்தகையதே. இசையமைப்பாளர் மெட்டை முதலில் அமைத்துத் தத்தகாரமாகப் பாடிக் காட்டுகின்றார். பாடலாசிரியர் அதன் குறுமை நெடுமைக்கு இயைந்த சொற்களைத் தேடுகின்றார். சொல்லுக்காக மெட்டு சற்றே வளைவதும், மெட்டுக்காகச் சொல் மாறுவதும் உண்டு. இருவரும் கூடியே பாட்டை ஆக்குகின்றனர்.

இவற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. துணைபெறுதல் குற்றமன்று. அத்துணை எவ்விடத்தில் நுழைந்தது, எவ்விடத்தில் நின்றது என்பதே மதிப்பீட்டிற்கு உரிய வினா. மனிதத் துணைக்குப் பொருந்தும் இவ்வினா இயந்திரத் துணைக்கும் பொருந்தும். அவ்வகையில் தமிழில் உள்ள மென்பொருள்களைச் சரிபார்ப்பவை, தேடித் தருபவை, இயற்றித் தருபவை என மூவகையாகப் பகுக்கலாம்.

சரிபார்க்கும் கருவி

முதல் வகைக்குச் சிறந்த சான்று அவலோகிதம் என்னும் மென்பொருள். வினோத் ராஜன் என்பார் இதனை உருவாக்கினார். செய்யுள் ஒன்றை இதனுள் இட்டால், எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை ஆகிய உறுப்புகளைப் பகுத்து, அஃது இன்ன பாவகையைச் சார்ந்தது எனக் காட்டும். அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் எனக் கூறும் இலக்கண நூல் புத்தமித்திரனாரின் வீரசோழியம். அப்பௌத்த மரபை நினைவூட்டும் பெயரை இக்கருவி தாங்கியிருத்தல், தமிழ் பல சமயத்தார்க்கும் பொதுவான உடைமை என்பதற்கு ஒரு சிறு சான்றாகவும் அமைகின்றது.

இத்தகைய கருவி எவ்வாறு துணைபுரிகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாணவர் ஒருவர் நம் ஊரைப் பற்றி வெண்பா எழுத முனைந்து, 'வெள்ளானூர் மழையில்' எனத் தொடங்குகின்றார் எனக் கொள்வோம். வெள்-ளா-னூர் என்பது நேர் நேர் நேர், ஆகவே தேமாங்காய். மழை-யில் என்பது நிரை நேர், ஆகவே புளிமா. வெண்பாவில் காய்முன் நேர் வரல்வேண்டும். இங்கே காய்முன் நிரை வந்தமையால் கலித்தளையாயிற்று, வெண்பாவிற்கு ஆகாது. தளை தட்டுகின்றது என்பதைக் கருவி காட்டிவிடும்.

அதன்பின் செய்யவேண்டுவது என்ன? மாணவர் 'வெள்ளானூர் மண்ணில்' என மாற்றலாம். மண்-ணில் நேர் நேர் ஆதலின் தளை பொருந்தும். ஆயின் மழை போய்விட்டது. அவர் பாட நினைத்தது மழையை என்றால், இத்திருத்தம் இலக்கணத்தைக் காத்துக் கருத்தைக் கைவிட்டதாகும். இன்னும் சற்று முயன்றால் 'மழைபெய்த வெள்ளானூர்' என அமைக்கலாம். மழை-பெய்-த என்பது நிரை நேர் நேர், புளிமாங்காய். அதன்முன் 'வெள்' என்னும் நேரசை வருவதால் வெண்சீர் வெண்டளை அமைகின்றது. மழையும் நின்றது; தளையும் நின்றது.

இங்குக் கருவி செய்தது ஒன்றே: பிழை உள்ள இடத்தைச் சுட்டியது. வழி கண்டவர் மாணவர். யாப்பருங்கலக் காரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அருகிருந்து செய்யும் பணியை, ஆசிரியர் இல்லாத வேளையிலும் கருவி செய்கின்றது. கேட்ட மாத்திரத்தில் விடை கிடைப்பதால் மாணவர் பலமுறை முயன்று பார்க்க அஞ்சுவதில்லை. இத்துணையைப் பெற்றவர் சில திங்களில் கருவியின்றியே தளை தட்டும் இடத்தைச் செவியால் உணர்ந்தால், கருவி தன் கடமையைச் செய்ததாகும். எப்போதும் கருவியைப் பார்த்தே தளை அறிபவராக அவர் நின்றுவிட்டால், பாட்டுப் பிழையற்றதாயினும் பாடுபவர் வளரவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

தேடித் தரும் கருவி

இரண்டாம் வகை, சொற்களைத் தேடித் தருவது. அண்ணா பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் கற்பித்தவரும் திரைப்படப் பாடலாசிரியருமான மதன் கார்க்கியின் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய எமோனி என்னும் கருவி இவ்வகையினது. ஒரு சொல்லைக் கொடுத்தால், அதற்கு எதுகையாகவும் மோனையாகவும் இயைபாகவும் வரத்தக்க சொற்களை இத்தகைய கருவி நிரல்படக் காட்டும்.

இது வெறும் எடுபிடி வேலைதானே என்று தோன்றலாம். அமெரிக்க அறிஞர் லிக்லைடர் 1960ஆம் ஆண்டில் மனிதனும் கணிப்பொறியும் இணைந்து வாழும் உறவைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். தாம் சிந்திப்பதாகக் கருதிய நேரத்தை அவர் கணக்கிட்டுப் பார்த்தார். அதில் ஏறத்தாழ 85 விழுக்காடு, செய்திகளைத் தேடுதல், கணக்கிடுதல், வரைபடம் வரைதல் முதலிய ஆயத்த வேலைகளிலேயே கழிந்தது கண்டார். அவ்வேலைகளை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் மனிதன் சிந்தனைக்கு நேரம் பெறுவான் என்பது அவர் கருத்து.

ஆய்வுக்கு இது பொருந்தும். செய்யுளுக்கு எவ்வளவு பொருந்தும்? 'வெள்ளானூர்' என்னும் சொல்லுக்கு எதுகை தேடும் மாணவர்க்குப் பள்ளி, வெள்ளம், உள்ளம், துள்ளி, கள்ளம் எனச் சொற்கள் தோன்றும். 'பள்ளி' எனக் கொண்டால் பாட்டு கல்வியை நோக்கிச் செல்லும். 'வெள்ளம்' எனக் கொண்டால் மழைக்காலத் துயரை நோக்கிச் செல்லும். எதுகை தேடும்போதே கருத்தும் பிறக்கின்றது. நிகண்டை மனப்பாடம் செய்த பழம்புலவர்க்குச் சொல் தேடுதலும் பொருள் காணுதலும் இருவேறு தொழில்களாக இருந்ததில்லை. ஆதலின், இத்தேடலைக் கருவியிடம் ஒப்படைக்கும்போது ஆயத்த வேலையை மட்டும் ஒப்படைக்கின்றோமா, படைப்பின் ஒரு கூற்றையே ஒப்படைக்கின்றோமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பட்டியலில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டவைப்பவர்க்குக் கருவி ஊறு செய்கின்றது. பட்டியல் முழுவதையும் பார்த்து, தாம் அறியாதிருந்த சொல்லின் பொருளை அகராதியில் கண்டு, தம் கருத்துக்கு உரியதைத் தேர்பவர்க்கு அதே கருவி சொல்வளம் சேர்க்கின்றது. கருவி ஒன்றே, பயன் இரண்டு. எனவே, கருவியைத் தனியே நிறுத்தி மதிப்பிடுதல் இயலாது. கருவியையும் கையாள்பவரையும் ஒருசேர வைத்தே மதிப்பிடல் வேண்டும்.

இயற்றித் தரும் கருவி

மூன்றாம் வகை, பாடலையே இயற்றித் தருவது. இதற்கு முன்னோடியான முயற்சி ஒன்று சென்னையிலேயே நிகழ்ந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையத்தைச் சார்ந்த அனந்த் ராமகிருஷ்ணன், சங்கர் குப்பன், சோபா லலிதா தேவி ஆகியோர், மெட்டுக்குத் தமிழ்ப் பாடல் வரிகளைத் தானே ஆக்கும் முறை ஒன்றை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மெட்டின் இசைக்குறிப்புகளைக் குறில், நெடில், மெய் என்னும் மூன்றின் வரிசையாக மாற்றுவது அதன் முதற்படி. ஏற்கெனவே உள்ள பாடல்களைக் கொண்டு எந்த இசைக்குறிப்புக்கு எவ்வகை எழுத்து பொருந்தும் என்பதைக் கணிப்பொறி கற்றுக்கொள்ளும். அவ்வரிசைக்கு இயைந்த சொற்களை, எச்சொல்லை அடுத்து எச்சொல் வருதல் இயல்பு என்னும் கணக்கின்படி கோப்பது அடுத்த படி. தத்தகாரத்துக்குச் சொல் கட்டும் பாடலாசிரியரின் தொழில் இங்கே குறில் நெடில் கணக்காக வடிவம் பெற்றது.

மறு ஆண்டே, 2010இல், அனந்த் ராமகிருஷ்ணனும் சோபா லலிதா தேவியும் தம் முறையின் குறைகளைத் தாமே எடுத்துக்காட்டி, அவற்றைக் களையும் புதுவழியைக் கூறினர். மெட்டையும் சொல்லையும் பொருத்தும் முறையைத் திருத்தியதோடு, பொருள் தொடர்புகளைத் தொகுத்துவைத்த அறிவுத்தொகுப்பையும் சொல்லுருபுகளை ஆக்கும் இலக்கணக் கருவியையும் துணையாகச் சேர்த்தனர். ஓசை பொருந்தினால் மட்டும் பாட்டாகிவிடாது. பொருளும் பொருந்தல் வேண்டும் என்பதை ஆய்வாளர் செய்முறையில் கண்ட இடம் இது. ஒரு கருவியை மதிப்பிடும் முதற்பொறுப்பு அதனை ஆக்கியோர்க்கே உண்டு என்பதற்கும் இஃது ஒரு நல்ல முன்மாதிரி.

2022ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான சாட்ஜிபிடியும் அதனை அடுத்து வந்த ஏனைய உரையாடும் செயலிகளும் வேறொரு பாதையில் செல்கின்றன. பெருந்தொகையான எழுத்துரைகளைப் பயின்று, இதுவரை வந்த தொடரை அடுத்து எது வரக்கூடும் எனக் கணித்துத் துணுக்குத் துணுக்காக எழுதிச் செல்வதே அவற்றின் அடிப்படை. கேட்ட நொடியில் கட்டுரையும் கவிதையும் வாழ்த்துமடலும் கிடைக்கின்றன. ஆயினும் அசை பிரித்துத் தளை பார்ப்பது அவற்றின் அடிப்படைத் தொழிலன்று. வெண்பா எனக் கேட்டு நான்கு அடி பெற்றவர், அது வெண்பாதானா என்பதைத் தாமே அலகிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. யாப்பறிந்தவரே அவ்வாறு பார்க்க முடியும். அறியாதவர் கிடைத்ததை வெண்பா என நம்பி அச்சிடுவார். எனவே இவ்வகைக் கருவி, கற்றவர்க்கு ஏவலாளாகவும் கல்லாதவர்க்குத் தலைவனாகவும் ஆகிவிடுகின்றது.

பிறநாட்டார் கண்ட அளவுகோல்கள்

இத்தகைய மென்பொருள்களை மதிப்பிட மேலைநாட்டார் வகுத்த அளவுகோல்களுள் எரின் செரியும் செலின் லாட்டுலிப்பும் 2014இல் விரிவாக வெளியிட்ட படைப்புத் துணைக் குறியீடு குறிப்பிடத்தக்கது. அது தேடல், வெளிப்பாடு, ஒன்றிப்போதல், மகிழ்வு, உழைப்புக்கேற்ற பயன், கூட்டுறவு என ஆறு கூறுகளைக் கொள்கின்றது. பல வழிகளை முயன்று பார்க்கக் கருவி இடமளித்ததா, நினைத்ததை வெளிப்படுத்த முடிந்ததா, கருவியை மறந்து பணியில் ஒன்ற முடிந்ததா, பணி இனித்ததா, கிடைத்த பயன் உழைப்புக்கு ஈடானதா, பிறரோடு சேர்ந்து செய்ய முடிந்ததா எனக் கருவியைப் பயன்படுத்தினவரிடமே வினவி மதிப்பெண் பெறுவர். பின்னர் அவ்வாறு கூறுகளையும் இரண்டிரண்டாக 15 முறை ஒப்பிடச் செய்து, அவருக்கு எக்கூறு முதன்மையானது என அறிந்து, நூற்றுக்கு இத்தனை எனக் கணிப்பர்.

இம்முறை பயன்படுத்துவோரின் பட்டறிவை மதிக்கின்றது, அது பாராட்டத்தக்கது. எனினும், பயன்படுத்தினவர் உணர்ந்ததை மட்டுமே இது கூறும். எளிதாக வேலை முடிந்த மகிழ்ச்சியில் அவர் நிறைந்த மதிப்பெண் தரக்கூடும். அவர் கற்றது என்ன, அவர் படைத்தது பிறர் படைத்ததினின்று வேறுபட்டதா என்பவை இதனுள் அடங்கா.

அக்குறையை நிரப்பும் ஆய்வு ஒன்றை அனில் தோஷியும் ஆலிவர் ஹவுசரும் 2024இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 300 பேரிடம் சிறுகதை எழுதச் சொல்லி, சிலரைத் தனித்தும் சிலரைக் கணிப்பொறி தந்த கருத்துகளைப் பெற்றும் எழுதச் செய்தனர். வேறு சிலர் அக்கதைகளைப் படித்து மதிப்பிட்டனர். கணிப்பொறியின் கருத்தைப் பெற்றோர் எழுதியவை தனித்தனியே நோக்கச் சிறந்தவையாகக் கருதப்பட்டன. படைப்பாற்றல் குறைந்தவர்க்கு நன்மை மிகுதியாயிருந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அவை ஒன்றையொன்று மிகுதியும் ஒத்திருந்தன. ஒவ்வொருவரும் சிறிது உயர, அனைவரும் சேர்ந்து ஒரே சாயலாயினர்.

இம்முடிவு நமக்குத் தொலைவானதன்று. நம் குடும்பங்களில் திருமணத்திற்கும் பணிநிறைவிற்கும் வாழ்த்துப்பா அச்சிட்டு வழங்கும் வழக்கம் இன்றும் உள்ளது. ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும் பெரியோர் செய்த நற்பணியும் அதில் இடம்பெறும். இக்காலத்தில் அதனைக் கைப்பேசியிடம் கேட்டுப் பெறுகின்றனர். அவ்வாறு பெற்ற வாழ்த்தில் மணமக்கள் பெயரை மாற்றிவிட்டால் எந்த வீட்டு மணத்திற்கும் அது பொருந்தும் எனின், பிழை ஒன்றுமில்லாத அவ்வாழ்த்தில் வாழ்த்தப்பெறுவோர் இல்லை என்பதே உண்மை.

சதுரங்க உலகும் ஒரு பாடம் தருகின்றது. 1998இல் ஸ்பெயின் நாட்டு லெயோன் நகரில் காஸ்பரோவும் டோப்பலோவும் ஆளுக்கொரு கணிப்பொறியைத் துணையாகக் கொண்டு ஆடினர். அதற்கு ஒரு திங்களுக்கு முன், கணிப்பொறியின்றி ஆடிய விரைவாட்டத்தில் காஸ்பரோவ் 4-0 என வென்றிருந்தார். கணிப்பொறியோடு ஆடியபோது முடிவு 3-3 எனச் சமமாயிற்று. மறு ஆண்டு அதே நகரில், அதே முறையில், நம் சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்த் கார்ப்போவை வென்றார். கருவியோடு ஆடியதை மட்டும் பார்த்திருந்தால் காஸ்பரோவும் டோப்பலோவும் நிகரானவர் என்றே எண்ணியிருப்போம். கருவியின்றி ஆடியதும் தெரிந்தமையாலேயே வேறுபாடு விளங்கிற்று. மதிப்பீட்டிற்கு இரண்டு அளவுகளும் வேண்டும் என்பது இதனால் தெளிவாகும்.

நமக்கு வேண்டும் அளவுகோல்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தமிழில் படைக்க உதவும் மென்பொருளை ஐந்து வினாக்களால் அளக்கலாம் எனத் தோன்றுகின்றது.

முதலாவது, தேர்வு. கருவி ஒரே விடையைத் தந்து ஏற்கச் சொல்கின்றதா, பல வழிகளைக் காட்டித் தேர்வைப் படைப்பவரிடம் விடுகின்றதா? 'மழைபெய்த' எனக் கண்டவர் மாணவராக இருக்க இடம் விடும் கருவியே மேலானது.

இரண்டாவது, விளக்கம். தளை தட்டுகின்றது எனக் கூறுவதோடு, ஏன் தட்டுகின்றது என்றும் காட்டுகின்றதா? காரணம் கூறும் கருவி ஆசிரியனாகும். காரணம் கூறாதது கட்டளையிடுவோனாகும்.

மூன்றாவது, அகலம். தமிழ் வழங்கும் எல்லா மக்களின் சொல்லையும் கருவி அறிந்திருக்கின்றதா? வாப்பா, உம்மா, துஆ, பயான் என்பன முஸ்லிம் இல்லங்களில் நாளும் வழங்கும் சொற்கள். சொற்பிழை நோக்கும் கருவி இவற்றைப் பிழை எனக் கோடிட்டால், இளைய மாணவர் தம் வீட்டுச் சொல்லையே பிழையென எண்ணி நீக்கிவிடுவர். யாப்பு இச்சொற்களை என்றும் தள்ளியதில்லை. விலா-தத்-து, நுபுவ்-வத்-து என அரபு மூலமுடைய காண்டப் பெயர்கள் இரண்டும் நிரை நேர் நேர் எனப் பகுபட்டுப் புளிமாங்காயாகவே நிற்கின்றன. இலக்கணம் ஏற்றதைக் கருவி மறுத்தல் தகாது. மீனவர் சொல்லுக்கும் உழவர் சொல்லுக்கும் ஈழத்தமிழர் சொல்லுக்கும் இதுவே முறையாம்.

நான்காவது, தடம். எதனை மனிதர் எழுதினார், எதனைக் கருவி தந்தது என்பது பின்னர் அறியத்தக்கதாக உள்ளதா? 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை ஒவ்வொன்றிற்கும் வரலாறு என்னும் பக்கம் உண்டு. எந்தத் திருத்தத்தை எந்தப் பயனர் எந்நாளில் செய்தார் என்பதை எவரும் அங்குக் காணலாம். பலர் கூடிச் செய்யும் பணியில் நம்பிக்கை நிலைபெற இத்தடமே காரணம். கணிப்பொறியும் கூடிச் செய்பவருள் ஒன்றாகிவிட்ட இந்நாளில், இது மேலும் வேண்டப்படுவது.

ஐந்தாவது, வளர்ச்சி. கருவியை நீக்கிய பின்னர், அதனைப் பயன்படுத்தினவர் முன்னிலும் வல்லவராக இருக்கின்றாரா? ஏனைய நான்கும் இவ்வொன்றிற்குத் துணையானவை என்றே கூறலாம்.

வகுப்பறையில் செய்து பார்க்கும் முறை

இவ்வளவுகோலை ஏட்டளவில் நிறுத்தாது தமிழ்த்துறைகள் செய்து பார்த்தல் கூடும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு வகுப்பு மாணவரை இரு குழுவினராகப் பகுத்து, முதற்கிழமை இரு குழுவினரும் கருவியின்றி ஒரு தலைப்பில் பாடச் செய்யலாம். அடுத்த சில கிழமைகள் ஒரு குழுவினர் கருவியோடும் மற்றக் குழுவினர் ஆசிரியர் துணையோடு மட்டும் பயிலலாம். இறுதிக் கிழமை இரு குழுவினரும் மீண்டும் கருவியின்றிப் பாடல் வேண்டும். எழுதினவர் பெயரும் குழுவும் அறியாத நடுவர் இருவர் தனித்தனியே மதிப்பெண் இடுதல் வேண்டும். முதற்பாட்டுக்கும் இறுதிப்பாட்டுக்கும் உள்ள ஏற்றமே கருவியின் பயனைக் காட்டும். பாடல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்பதையும் நடுவர் தனியே குறித்தல் நலம்.

எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் வேண்டும். இதற்கு நம்மிடம் பழைய முறை ஒன்று உண்டு. புலவர் தம் நூலை அவையில் அரங்கேற்றும்போது, கேட்போர் தடை எழுப்புவர். புலவர் விடை கூறுவர். இச்சொல்லை இங்கு ஏன் பெய்தீர், இவ்வுவமை எவ்வாறு பொருந்தும் என்னும் வினாக்களுக்கு விடை கூறவல்லவரே நூலுக்கு உரியவராக ஏற்கப்பட்டார். போட்டிக்குப் பாட்டுத் தந்த மாணவரை ஐந்து மணித்துளிகள் அழைத்து, மூன்றாம் சீரில் இச்சொல் ஏன், வேறு சொல் எண்ணிப் பார்த்தீரா எனக் கேட்டால் போதும். கருவியைப் பயன்படுத்தியும் தாமே தேர்ந்தவர் விடை கூறுவார். வாங்கித் தந்தவர் விழிப்பார். கணிப்பொறி எழுதியதைக் கண்டுபிடிப்பதாகக் கூறும் மென்பொருள்களை நம்பி மாணவர்மேல் பழி சுமத்துவதினும் இம்முறை நேரியது. அம்மென்பொருள்கள் மனிதர் எழுதியதையும் இயந்திரம் எழுதியது எனத் தவறாகக் காட்டுவது உண்டு. தடைவிடை முறையில் குற்றமற்றவர்க்குத் தம்மை நிறுவிக்கொள்ள வாய்ப்பு உள்ளது.

மாணவர் தம் பாட்டோடு முதற்படி, திருத்தப்படி ஆகியவற்றையும் சேர்த்துத் தருதல் நல்ல வழக்கமாகும். எக்கருவியைப் பயன்படுத்தினோம் என ஒருவரி எழுதுதலும் நாணத்தக்கதன்று. நூலின் பாயிரத்தில் ஆக்கியோன் பெயரோடு வழியும் கூறவேண்டும் என்பது நம் இலக்கணம். பெற்ற துணையைக் கூறுதல் அவ்வழி கூறுதலின் பாற்படும்.

முடிவுரை

கணிப்பொறி நம் மாணவரைப் புலவராக்குமா, புலமையை அவரிடமிருந்து பறிக்குமா என்பது கருவியை மட்டும் சார்ந்ததன்று. நாம் எதனை மதிப்பிடுகின்றோம் என்பதையும் சார்ந்தது. பாட்டுக்கு மட்டுமே பரிசு எனில், பாட்டை எங்கிருந்தேனும் கொண்டுவருவர். பாட்டோடு பாடவல்ல ஆற்றலுக்கும் பரிசு எனில், அவ்வாற்றலை வளர்க்கும் கருவியையே நாடுவர்.

ஆசிரியர் இத்தகைய கருவிகளைத் தாமே பயன்படுத்திப் பார்த்து, இது சுட்டுவது, இது தேடுவது, இது இயற்றுவது எனப் பகுத்து மாணவர்க்கு உரைத்தல் வேண்டும். பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் தம் பிள்ளைகள் எழுதியதைப் படித்து, இச்சொல் ஏன் என ஒரு வினாவேனும் கேட்டல் வேண்டும். மாணவர், கருவி தந்த அடியை ஏற்குமுன் அதனை ஒருமுறை அலகிட்டுப் பார்த்தல் வேண்டும். தளை தட்டும் இடத்தைத் தம் செவியால் அறிந்து, மழையையும் இழக்காமல் தளையையும் காக்கும் சொல்லைத் தாமே கண்டுகொள்ளும் மாணவர் பெருகுவராயின், கணிப்பொறியின் துணையும் தமிழுக்கு ஆக்கமே தரும்.